இரண்டு டப்பாக்கள்: வீட்டுச் சோப்பில் காஸ்டிக் சோடா தந்த பிசகும் புண்ணும்

அக்கா செய்த சோப்பு நாலு வாரம் ஆகியும் இறுகவில்லை. அதற்குப் பதிலாக இன்னொரு தொகுதி போட உட்கார்ந்த அன்று, காரம் தெறித்து அவள் முன்கை புண்ணாகிவிட்டது. இரண்டுக்கும் இடையில் பதினோரு நாள்தான். முதலாவது வீண் செலவு, இரண்டாவது விபத்து, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்றுதான் வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நடந்ததை வரிசையாக எழுதிப் பார்த்தபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு நாளும் கிராம் சுத்தமாக நிறுத்துத்தான் போட்டோம். எதை நிறுத்தோம் என்பதைத்தான் பார்க்கவில்லை.

நான் ஒரு பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அக்கா மூன்று வருடமாக வீட்டுக்கும் நண்பர்களுக்கும் சோப்பு செய்கிறாள். கவனமான கை அவளுடையது. அதனால்தான் இதை முழுதாக எழுதி வைக்கிறேன். கவனமாக இருப்பவர்களுக்கும் இது நடக்கும்.

முதல் தொகுதி

அவள் வழக்கமாகப் போடும் கணக்கு இது: தேங்காய் எண்ணெய் 300 கிராம், ஆலிவ் எண்ணெய் 600 கிராம், விளக்கெண்ணெய் 100 கிராம். ஒவ்வொரு எண்ணெயையும் முழுதாகச் சோப்பாக்க எவ்வளவு சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா என்கிற காரம், வேண்டும் என்பதற்குத் தனித்தனி எண் உண்டு. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு சுமார் 0.183 கிராம், ஆலிவுக்கு 0.135, விளக்கெண்ணெய்க்கு 0.128. பெருக்கிக் கூட்டினால் 148.7 கிராம். சோப்பு தோலை வறட்டாமல் இருக்க 5% எண்ணெயை மாறாமல் விட்டுவிடுவார்கள். இதைத்தான் சூப்பர்ஃபேட் என்கிறோம். அதைக் கழித்தால் 141 கிராம். தண்ணீர் அதைப்போல இரண்டு மடங்கு, 282 கிராம்.

இதே கணக்கில் அதற்கு முன் எட்டு ஒன்பது தடவை நல்ல சோப்பு வந்திருக்கிறது. இந்தத் தடவை கலவை கெட்டியாக ரொம்ப நேரம் எடுத்தது. மூன்றாம் நாள் அச்சிலிருந்து எடுக்கும்போது ஓரம் பிய்ந்து வந்தது. நாலாவது வாரம் ஒரு துண்டைக் கையில் எடுத்தேன். மேலே நுண்ணிய எண்ணெய்த் துளிகள், வியர்த்த நெற்றி மாதிரி. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. நுரை வந்தது, ஆனால் கழுவிய பிறகும் கையில் பிசுபிசுப்பு போகவில்லை.

தராசு மேல்தான் முதலில் சந்தேகம். 500 கிராம் எடைக்கல்லை வைத்துப் பார்த்தோம், ஒரு கிராம் கூடப் பிசகவில்லை. எண்ணெய்கள் பழைய பாட்டில்களிலிருந்தே எடுத்தவை, போன தொகுதிக்கும் அவைதான். சரி, மிச்சம் இருந்தது காரம்.

காஸ்டிக் சோடா டப்பாவைத் திறந்ததுமே பாதி பதில் கிடைத்துவிட்டது. வாங்கியபோது உள்ளே இருந்தவை கலகலவென்று உதிரும் வெள்ளைச் செதில்கள். இப்போது அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகளாகியிருந்தன. கட்டிகளின் மேல் மாவு தூவியது போல ஒரு வெண்பொடி. மூடியின் மரையில் அதே பொடி சிக்கி, மூடி முழுதாக இறங்காமல் ஒரு சுற்று முன்னாலேயே நின்றுகொண்டிருந்தது. எத்தனை மாதமாக அப்படி இருந்தது என்று அக்காவுக்கே தெரியவில்லை.

சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலிருந்து இரண்டு பொருள்களை இழுத்துக்கொள்ளும். ஒன்று ஈரம், இன்னொன்று கரியமில வாயு. ஈரம் சேர்ந்தால் எடை கூடும், காரம் கூடாது. கரியமில வாயு சேர்ந்தால் காரத்தில் ஒரு பகுதி சோடியம் கார்பனேட்டாக, அதாவது சலவை சோடாவாக மாறிவிடும். சலவை சோடாவால் எண்ணெயை இப்படிச் சோப்பாக்க முடியாது. டப்பாவின் மேல் 98% என்று அச்சிட்டிருந்தது பொய்யில்லை. அது மூடி திறக்காத நாளின் எண்.

இப்போது என்ன எண் என்று தெரிந்துகொள்ள 4.00 கிராம் எடுத்துக் கரைத்து 100 மி.லி. ஆக்கி, அதில் 25 மி.லி. எடுத்து, ஒரு நார்மல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தரம் பார்த்தேன். சுத்தமான காரமாக இருந்தால் 25.0 மி.லி. அமிலம் செலவாகியிருக்கும். காரம் இருக்கும் வரை நிறம் காட்டும் ஃபீனால்ஃப்தலீனின் இளஞ்சிவப்பு 21.9-லேயே மறைந்துவிட்டது. மெத்தில் ஆரஞ்சு என்ற இன்னொரு நிறங்காட்டியை விட்டுத் தொடர்ந்தால் நிறம் மாற இன்னும் 0.6 மி.லி. தேவைப்பட்டது. அந்த 0.6 தான் கார்பனேட்டின் கையெழுத்து. கணக்குப் போட்டால் ஹைட்ராக்சைடு 85.2%, கார்பனேட் சுமார் 6%, மிச்சம் அநேகமாக ஈரம்.

அப்படியானால் அக்கா நிறுத்த 141 கிராமில் வேலை செய்த காரம் 120 கிராம்தான். முழுச் சோப்புக்கு 148.7 வேண்டிய இடத்தில் 120. நூற்றுக்குப் பத்தொன்பது பங்கு எண்ணெய் எண்ணெயாகவே நின்றுவிட்டது. 5% என்று நினைத்துப் போட்ட சூப்பர்ஃபேட் 19% ஆனது இப்படித்தான். சோப்பு வியர்த்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சாம்பலை ஊறவைத்து வடித்த காரநீரில் சோப்பு காய்ச்சிய காலத்தில், அந்த நீரின் வலுவைத் தெரிந்துகொள்ள முட்டையை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். எவ்வளவு மிதக்கிறதோ அவ்வளவு வலு. பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரல் கொழுப்பைப் பற்றிய தன் ஆராய்ச்சிகளை 1823-இல் வெளியிட்ட பிறகுதான், சோப்பாவது என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்பதே தெளிவானது. எத்தனை கொழுப்புக்கு எத்தனை காரம் என்று இன்று நமக்கு மூன்றாம் தசமம் வரை தெரியும். அந்த மூன்று தசமமும் காரம் முழு வலுவோடு இருந்தால்தான் செல்லும். திறந்து கிடந்த டப்பாவை வைத்துக்கொண்டு நாங்கள் முட்டை மிதக்கவிட்ட காலத்துக்கே போயிருந்தோம். அவர்களாவது முட்டையைப் போட்டுப் பார்த்தார்கள்.

இரண்டாவது டப்பா

"அந்தக் கட்டி தட்டினதை விடு அக்கா, புதுசா ஒண்ணு வாங்கிக்கோ." இதுதான் நான் சொன்னது. வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. மூன்று வருடமாகச் செய்பவளுக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். இந்த நிகழ்வில் என் பங்கு அது.

அவள் வழக்கமாக வாங்கும் பொருள் அன்று இருப்பில் இல்லை. பக்கத்து அடுக்கில் அடைப்பு நீக்கும் பொடி ஒன்று இருந்தது. 'சோடியம் ஹைட்ராக்சைடு' என்று பின்பக்கம் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அதே பொருள்தானே என்று எடுத்து வந்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. வேறு எதுவும் கலக்காத சோடியம் ஹைட்ராக்சைடையே அடைப்பு நீக்கியாக விற்பதும் உண்டு, அதை வாங்கிச் சோப்பு செய்பவர்கள் நிறையப் பேர். ஆனால் சிலவற்றில் அலுமினியத் துகள்களும் சேர்த்திருப்பார்கள். காரமும் அலுமினியமும் தண்ணீரில் சந்தித்தால் ஹைட்ரஜன் வாயு பொங்கி வரும், சூடும் கிளம்பும். அடைப்பைக் கிளறிவிடத்தான் அப்படிச் செய்கிறார்கள். சாக்கடைக் குழாய்க்குள் அது நல்ல யோசனை. சமையலறை மேடையில் ஒரு குடுவைக்குள் அது வேறு கதை.

அக்கா செய்முறையில் எதையும் தப்பாகச் செய்யவில்லை. எவர்சில்வர் குடுவையில் முதலில் தண்ணீர், அப்புறம் அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் காரம். கையுறை போட்டிருந்தாள், கண்ணாடியும் போட்டிருந்தாள். ஆனால் சட்டை அரைக்கை. கையுறை மணிக்கட்டோடு முடிந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெறும் தோல்.

நான் பக்கத்து அறையில் இருந்தேன். மூன்றாவது கரண்டி போட்டதும் "இதென்னடா, சாம்பல் கலர்ல பொங்குது" என்றாள். எழுந்து போவதற்குள் நுரை விளிம்புக்கு ஏறி, சீறலோடு சில துளிகள் தெறித்துவிட்டன. அடுப்பு எரியவில்லை. ஹைட்ரஜன் வரும் இடத்தில் தீ இல்லாமல் போனது எங்கள் நல்ல நேரம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவள் கண்ணாடியின் இடப்பக்கத்தில் இரண்டு துளி ஒட்டி வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த நொடியை என்னால் மறக்க முடியவில்லை.

"கை எரியுதா?"

"இல்லடா, எரியல. வழவழன்னு இருக்கு, அவ்வளவுதான்."

அந்த வழவழப்பைப் பற்றி ஒரு வார்த்தை. காரம் தோலில் பட்டால் தோலில் உள்ள கொழுப்பு சோப்பாக மாறத் தொடங்குகிறது. விரல்களுக்கு நடுவே வழுக்குவது அந்தச் சோப்புதான், நம் தோலிலிருந்தே உண்டானது. அமிலம் பட்டால் பெரும்பாலும் உடனே சுடும், கையை இழுத்துக்கொள்வோம். காரம் அப்படி எச்சரிப்பதில்லை. சத்தமில்லாமல் திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும், வலி பிறகு வரும். 'எரியவில்லை' என்பதை நம்பிக் கையைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தவர்களுக்குத்தான் ஆழமான புண்.

அக்கா வினிகர் பாட்டிலை நோக்கிக் கை நீட்டினாள். காரத்துக்கு அமிலம் மருந்து என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், நிறையப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். "வினிகர் வேணாம், குழாயைத் திற" என்று கையைப் பிடித்துத் தண்ணீருக்கு அடியில் வைத்தேன். காரமும் அமிலமும் சேரும்போது சூடு பிறக்கும். அதைவிட முக்கியம், வினிகரைத் தேடும் ஒவ்வொரு நொடியும் தண்ணீர் படாத நொடி. ஓடும் தண்ணீர் காரத்தை நீர்க்கச் செய்து அடித்துக்கொண்டு போகும், சூட்டையும் எடுத்துப்போகும். அதற்கு ஈடு எதுவும் இல்லை.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம் நின்றோம். ஐந்தாவது நிமிடத்தில், தண்ணீருக்கு அடியிலேயே, எரிய ஆரம்பித்தது. பத்தாவது நிமிடம் வரை அந்த வழவழப்பு போகவில்லை. கையுறையைக் கழற்றி உள்பக்கமும் கழுவினோம். கண்ணாடியை அவள் முகத்தைக் கழுவி முடித்த பிறகுதான் கழற்றவிட்டேன், ஒட்டியிருந்த துளி கண்ணுக்குள் இறங்கிவிடக் கூடாதே. குடுவையை மூடாமல் அப்படியே தூக்கி வெளியே திறந்தவெளியில் வைத்தேன். மூடியிருந்தால் வாயு சேர்ந்து வெடித்திருக்கும். சீறல் அடங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

மருத்துவர் பார்த்துவிட்டு மேலோட்டமான புண்தான் என்றார். மூன்று சிறு புள்ளி, முழங்கைப் பக்கம் ஒரு நாணய அளவுக்கு ஒன்று. ஆறிவிட்டது, தழும்பு இருக்கிறது.

கண்ணில் பட்டிருந்தால் கதையே வேறு. இமையை விரலால் பிரித்துப் பிடித்துக்கொண்டு குறைந்தது இருபது முப்பது நிமிடம் தண்ணீர் ஓடவிட வேண்டும், அப்புறம் ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். காரம் விழிவெண்படலத்தையே நிரந்தரமாக வெண்மையாக்கிவிடும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. இறங்கும்போது ஒரு தடவை எரித்தது ஏறும்போது இன்னொரு தடவை எரிக்கும். உலர்ந்த செதில் தோலில் விழுந்தால் முதலில் தட்டிவிட்டு, பிறகு நிறையத் தண்ணீர்.

எதை வாங்குவது

இப்போது எங்கள் வீட்டில் பெயரைப் பார்த்து வாங்குவதில்லை, எண்ணைப் பார்த்து வாங்குகிறோம். வேதிப்பொருள் ஒவ்வொன்றுக்கும் சிஏஎஸ் எண் என்று ஒன்று உண்டு, எந்த நாட்டில் எந்தப் பெயரில் விற்றாலும் அது மாறாது. சோடியம் ஹைட்ராக்சைடுக்கு 1310-73-2. பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்கு 1310-58-3. சலவை சோடாவுக்கு 497-19-8. சோடா என்ற ஒரே சொல்லுக்குள் காஸ்டிக் சோடா, சலவை சோடா, சமையல் சோடா என்று மூன்று தனித்தனிப் பொருள்கள் அடங்கிவிடுவதால், இந்த எண்தான் நிச்சயமான அடையாளம்.

அடுத்தது உள்ளடக்கம். சோடியம் ஹைட்ராக்சைடு மட்டும், 97 சதவீதத்துக்குக் குறையாமல். வாசனை, நிறம், 'செயல்திறன் கூட்டும் பொருள்' என்று வேறு எது எழுதியிருந்தாலும் அது சோப்புக்கு இல்லை. உள்ளடக்கமே எழுதாத டப்பாவைத் தொட வேண்டாம். உணவுத் தரம் என்று விற்பது (உணவுச் சேர்க்கையாக அதன் எண் இ 524) கன உலோக அளவுகள் சோதித்தது என்பதால் மனதுக்கு நிம்மதி. ஆய்வகத் தூய்மை கொண்ட விலை கூடிய வகை சோப்புக்கு அவசியமே இல்லை என்பது என் கருத்து.

திரவ சோப்புக்குப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும். இரண்டும் வெள்ளையாக, ஒன்று போலவே இருக்கும், ஆனால் கிராமுக்குக் கிராம் மாற்றிப் போட முடியாது. ஒரு கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு செய்யும் வேலைக்குப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 1.4 கிராம் வேண்டும். போதாததற்கு அது புதிதாக வாங்கும்போதே பெரும்பாலும் 90% அளவில்தான் இருக்கும், மிச்சம் ஈரம். அதை முற்றிலும் உலர்த்துவது கடினம். சோப்புக் கணிப்பான்களில் 90% என்று குறிக்கத் தனி இடம் இருப்பது அதனால்தான்.

வடிவத்தைப் பற்றிச் சொல்வதானால், பொடியைத் தவிர்க்கலாம், டப்பாவைத் திறந்ததும் மூக்குக்கு ஏறும். சிறு முத்துகளாக வருவது அளக்கச் சுலபம், ஆனால் நிலைமின்சாரத்தால் கிண்ணத்தின் விளிம்பிலும் கையுறையிலும் துள்ளி ஒட்டும். நாங்கள் செதில்களோடு நிற்கிறோம்.

புது டப்பா வந்ததும் வெள்ளைத் தட்டில் ஒரு கரண்டி பரப்பிப் பார்க்கிறோம். எல்லாம் ஒரே வெள்ளையா, பளபளக்கும் துணுக்கு ஏதாவது இருக்கிறதா? பிறகு கையுறை, கண்ணாடியோடு, அரைக் குவளைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை. சுத்தமானதாக இருந்தால் முதலில் கலங்கி, கொஞ்ச நேரத்தில் கண்ணாடி போலத் தெளியும். சாம்பல் நிறமோ தொடர்ந்து குமிழியோ வந்தால் உலோகம் இருக்கிறது. இந்தச் சோதனை அன்று செய்திருந்தால் இரண்டாவது டப்பா மாட்டியிருக்கும்.

கையாளும் முறையில் மாறியவை

பெரிய டப்பா வாங்குவதை விட்டுவிட்டோம். ஓரிரு தொகுதிக்குள் தீரும் அளவு, திறந்த தேதியை மூடியில் எழுதி, அடியில் 2 என்ற எண் உள்ள கெட்டியான எச்டிபிஇ பிளாஸ்டிக் டப்பாவில். மூடும் முன் மரையை உலர்ந்த துணியால் துடைக்கிறோம். மேலே பெயர், அபாயக் குறி. குடிக்கும் பாட்டிலில், சாப்பாட்டு டப்பாவில் ஒருபோதும் இல்லை. தெளிந்த காரக் கரைசலைக் கண்ணால் பார்த்துத் தண்ணீரிலிருந்து பிரித்துச் சொல்லவே முடியாது.

கரைக்கும் பாத்திரம் எவர்சில்வர் அல்லது 5 என்ற எண் உள்ள பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக். கண்ணாடிக் குடுவை வேண்டாம், வெப்பம் தாங்கும் வகைகூட. காரம் கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். பத்து தடவை தாங்கியது பதினோராவது தடவை கையிலேயே விரியலாம். தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக், அதாவது 1 எண் உள்ள பெட், சூடான காரத்தில் நெளிந்துவிடும். அலுமினியப் பாத்திரமோ கரண்டியோ வேண்டாம் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

141 கிராம் காரம் 282 கிராம் தண்ணீரில் கரையும்போது வெப்பம் 90 டிகிரி செல்சியஸ் வரை சுலபமாக ஏறும், அடுப்பே இல்லாமல். ஆகவே குளிர்ந்த தண்ணீரில் தொடங்கி, சிறிது சிறிதாகப் போட்டு, போடும்போதே கிளற வேண்டும். காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் அந்த வெப்பம் முழுதும் கொஞ்சம் தண்ணீரில் இறங்கி, அது கொதித்து முகத்துக்குத் தெறிக்கும். ஒரேயடியாகக் கொட்டிவிட்டால் அடியில் பாறையாக இறுகிக்கொள்ளும், பிறகு திடீரென்று சூடேறும்.

இப்போது குடுவையைக் கழுவுதொட்டிக்குள் வைத்தே கரைக்கிறோம். கவிழ்ந்தாலும் தொட்டிக்குள் கவிழும், குழாய் கைக்கெட்டும் தூரத்தில். சன்னல் திறந்திருக்கும். முழங்கை வரை வரும் கையுறை, முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு, பக்கங்களும் மூடிய கண்ணாடி. பார்வைக்குப் போடும் மூக்குக்கண்ணாடி இதற்குப் போதாது, பக்கவாட்டில் வரும் துளியை அது தடுக்காது. குழந்தைகளும் பூனையும் அடுத்த அறையில், கதவு சாத்தி.

வியர்த்த சோப்பு

அந்த முதல் தொகுதியைத் தூக்கி எறிய அக்காவுக்கு மனமில்லை. குறைந்த காரம் எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியும்: 141-க்கு 120, ஆக 21 கிராம். ஊசிப்போன வாடையும் இன்னும் வரவில்லை. துண்டுகளைத் துருவி எவர்சில்வர் பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீரோடு மெல்லிய சூட்டில் இளக்கினோம். சோதித்துப் பார்த்த புதுச் செதில் 21 கிராமைத் தனியாக 60 கிராம் தண்ணீரில் கரைத்து, அதில் விட்டுக் கிளறினோம். முக்கால் மணி நேரத்தில் எண்ணெய்ப் பளபளப்பு மறைந்து, மசித்த கிழங்கு மாதிரி திரண்டு வந்தது. அச்சில் அழுத்தி வைத்தோம். பார்க்க அழகில்லை, மேலெல்லாம் மேடுபள்ளம்.

ஐந்து வாரம் கழித்து ஒரு துண்டை நனைத்து, விரலில் தொட்டு நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். மிச்சக் காரம் இருந்தால் சுரீர் என்று ஷாக் அடித்தது போல இருக்கும். இல்லை, வெறும் சோப்புச் சுவைதான். வெட்டிய பக்கத்தில் ஃபீனால்ஃப்தலீன் ஒரு சொட்டு விட்டேன், லேசான இளஞ்சிவப்பு, அவ்வளவுதான். சோப்பு எப்போதுமே காரத்தன்மை உடையது, பிஎச் 9-இலிருந்து 10.5 வரை இருப்பது இயல்பு. அழுத்தினால் குழி விழவில்லை.

கட்டி தட்டிய பழைய டப்பாவை அடைப்பு நீக்க வைத்துக்கொண்டோம். மூடியில் அக்கா கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: '85 சதவீதம். சோப்புக்கு இல்லை.'